பெயிண்ட் அடித்த வண்டியில் எர்த் எங்கே?

டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் முடிந்து ஷெட்டிலிருந்து வெளியே வரும் பழைய அம்பாசிடரில், உள்ளே போகும்போது எரிந்த லைட் திரும்பி வரும்போது எரியாது. ஒயர் அதேதான், பல்பும் அதேதான். பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக மினுக்கும். ஹார்ன் ஒரு முறை அடிக்கும், மறுமுறை முனகும். பத்தில் எட்டு வண்டியில் இதற்குக் காரணம் புதுப் பெயிண்ட். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஹெட்லைட் கிண்ணமும் டெயில் லைட் கூடும் ஸ்க்ரூ வழியாக பாடித் தகரத்தைத் தொட்டுத்தான் எர்த், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, வாங்கின. இப்போது அந்தத் தகரத்தின் மேல் பிரைமர், பட்டி, இரண்டு மூன்று கோட் பெயிண்ட், அதற்கும் மேல் புது ரப்பர் கேஸ்கட். கரன்ட் திரும்பிப் போக வழியில்லை.

பழைய வண்டியைப் புதுப்பித்து ஏசி, எலக்ட்ரிக் ஃபேன், ஸ்டீரியோ, இரட்டை ஹார்ன் என்று கூடுதல் சாமான் ஏற்றுபவர்கள் பிளஸ் ஒயருக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியைக் கூட எர்த்துக்குக் காட்டுவதில்லை. பிளஸ்ஸில் ஓடும் ஒவ்வொரு ஆம்பியரும் எர்த் வழியாகத் திரும்பி வந்தாக வேண்டும். அதனால் பாடியை நம்பாமல், ஒவ்வொரு சாமானுக்கும் கறுப்பு ஒயர் ஒன்று தனியாக இழுத்து, மூன்று இடத்தில் சேர்ப்பது நல்லது: ரேடியேட்டர் சட்டத்துக்கு அருகில் ஒன்று, டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று, டிக்கியில் ஒன்று. அந்த மூன்று இடத்திலும் பெயிண்டை ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு வெறும் தகரம் பளபளக்கும் வரை சுரண்டி, 6 எம்எம் போல்ட், பல் வாஷர், ஒயர் நுனியில் பூட்டும் லக் வைத்து இறுக்க வேண்டும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம்; இறுக்குவதற்கு முன் சுரண்டிய இடத்தில் பெயிண்ட் படக்கூடாது. தகரத்தில் நேரடியாகக் குத்தும் செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ எர்த்துக்கு ஆகாது. மெல்லிய தகரத்தில் இரண்டு புரி மட்டுமே பிடிக்கும், அதிர்வில் ஒரே வருடத்தில் தளர்ந்துவிடும்.

என்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் பாடிக்கும் இடையே பின்னல் பட்டை ஒன்று இருக்க வேண்டும். என்ஜினை இறக்கி ஏற்றும்போது அந்தப் பட்டையை மறந்துவிட்டால், செல்ஃப் மோட்டார் இழுக்கும் 150, 200 ஆம்பியர் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுட்டுக் கருகிய பிறகும் கார்ப்பரேட்டரைக் கழற்றிக் காரணம் தேடுபவர்கள் உண்டு. 25 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத பட்டை போடுங்கள்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். எந்த முனை பாடிக்குப் போகிறது? பேட்டரியைச் சார்ஜ் செய்ய லூகாஸ் நிறுவனத்தின் டைனமோ பூட்டிய அந்தக் காலத்து வண்டிகளில் பிளஸ் எர்த் சாதாரணம். இன்று கடையில் கிடைக்கும் ஸ்டீரியோ, இண்டிகேட்டரை மினுக்க வைக்கும் எலக்ட்ரானிக் பிளாஷர், டைனமோவின் இடத்துக்கு வந்த ஆல்டர்னேட்டர் எல்லாம் மைனஸ் எர்த்துக்குச் செய்தவை. மாற்றுவது கடினமல்ல. பேட்டரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன ஒயரையும், ஆம்பியர் மீட்டரின் இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவை வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் டி, எஃப் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் இரண்டு மூன்று முறை தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் இரும்பு புதிய திசையில் காந்தமேறும். செல்ஃப் மோட்டார் திசை மாறாமல் சுற்றும். நிலைக்காந்தம் வைத்த ஃபேன் மோட்டார் மட்டும் எதிர்த்திசையில் சுற்றும், அதற்கு ஒயரைத் திருப்பிப் போட்டால் போதும்.

அடுத்தது கணக்கு. வேலூரில் ஏசி இல்லாமல் மே மாதம் ஓட்ட முடியாது என்பவர்களிடம் விவாதம் செய்வதில் பொருளில்லை. கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது இந்த ஊருக்குப் பழக்கம். ஆனால் ஏசி வைப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மழை பெய்யும் இரவில் எல்லாம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். ஹெட்லைட் இரண்டும் ஹை பீமில் 120 வாட். டெயில், நம்பர் பிளேட், மீட்டர் விளக்கு 30. வைப்பர் 40. இக்னிஷன் காயில் 40. ரேடியேட்டர் ஃபேன் 90, கண்டன்சர் ஃபேன் இன்னொரு 90. ஏசி புளோயர் 120, கம்ப்ரஸர் கிளட்ச் 45, ஸ்டீரியோ 50. மொத்தம் 625 வாட். 13.5 வோல்ட்டால் வகுத்தால் 46 ஆம்பியர். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் கொடுப்பது 22 ஆம்பியர்; ஐடிலில் ஏறக்குறைய ஒன்றும் கொடுக்காது. 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போதும் என்று தாள் சொல்லும். ஆனால் காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது, சூடேறிய ஆல்டர்னேட்டர் ஐடிலில் தன் எண்ணில் பாதியைக் கூடத் தராது. ஏசி உள்ள வண்டிக்கு 65 ஆம்பியருக்குக் குறைவாக வாங்காதீர்கள். ஏசி வேண்டாம் என்றால் 45 போதும். வெறும் ஹெட்லைட், ஹார்ன் அளவில் நிறுத்திக்கொள்பவர் டைனமோவையும் அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்-அவுட்டையும் அப்படியே விட்டுவிடலாம். நல்ல நிலையில் இருக்கும் சி40-ஐக் கழற்றி எறிவதை என்னால் ஏற்க முடியாது.

ஆல்டர்னேட்டர் மாற்றினால் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, பழைய ஆம்பியர் மீட்டர். 30 ஆம்பியர் முகப்புள்ள மீட்டர் வழியாக 65 ஆம்பியரை அனுப்பினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் அது அடுப்பாகும். மீட்டரைத் தாண்டி, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மில்லிமீட்டர் ஒயரை நேராக இழுத்துவிட்டு, டேஷ்போர்டில் வோல்ட் மீட்டர் வைக்கலாம். இன்னொன்று, சார்ஜிங் விளக்கு. 2.2 வாட் பல்பு வழியாகப் போகும் சிறு கரன்ட்தான் பல ஆல்டர்னேட்டர்களை எழுப்புகிறது. அந்த இடத்தில் எல்இடி வைத்தால் என்ஜினை உறுமவிடும் வரை சார்ஜ் ஏறாது.

பழைய ஒயரிங்கில் கிளை வெட்டி எதையும் ஒட்ட வேண்டாம். லூகாஸ் முறையில் நிறமே மொழி: பழுப்பு பேட்டரி, வெள்ளை இக்னிஷன், பச்சை பியூஸ் தாண்டிய இக்னிஷன், ஊதா எப்போதும் உயிரோடிருக்கும் பியூஸ் லைன், சிவப்பு பார்க்கிங், நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த். பச்சை-சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சை-வெள்ளை வலது. இந்த நிற ஒழுங்கைக் கெடுத்துவிட்டால் பத்து வருடம் கழித்துப் பழுது பார்க்க வருபவர் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். கூடுதல் சாமானுக்குத் தனி ஒயர்க் கட்டு, தனி பியூஸ் பெட்டி. இதற்கு இன்னொரு பயனும் உண்டு: 2021-ல் திருத்திய மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாத வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதிய வழி செய்கின்றன. தனிக் கட்டாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கழற்றி எடுத்துவிடலாம். பாடியில் ஓட்டை போடாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தனிக் கட்டின் தலை பேட்டரியில். பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் மெயின் பியூஸ் வந்துவிட வேண்டும். பியூஸ் காப்பாற்றுவது தனக்குப் பின்னால் வரும் ஒயரைத்தான். முன்னால் இருக்கும் ஒயர் தேய்ந்து தகரத்தில் பட்டால் நேரே தீ. பழைய கண்ணாடி பியூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர். இன்றைய பிளேடு பியூஸில் எழுதியிருப்பது தாங்கும் அளவு. 35 கழற்றிய இடத்தில் 35 பிளேடு செருகினால் ஒயர் முதலில் உருகும், பியூஸ் அடுத்தநாள் வரை சிரித்துக்கொண்டிருக்கும். நிறங்கள் நினைவில் இருக்கட்டும்: 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. பானெட்டுக்குள் வெப்பம் அதிகம் என்பதால், தொடர்ந்து ஓடும் சாமானுக்கு அதன் கரன்ட் பியூஸ் எண்ணில் முக்கால் பங்கைத் தாண்டாதபடி தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒயர் தடிமனுக்கும் கணக்கு இருக்கிறது. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, ஒரு மீட்டருக்கு 0.0172 ஓம். 10 ஆம்பியரை 5 மீட்டர் கொண்டுபோனால் 1.5 ஒயரில் 0.57 வோல்ட் வீணாகும், 2.5 ஒயரில் 0.34, 4 ஒயரில் 0.22. என்ஜின் அருகே ஒயர் 70 டிகிரிக்குச் சூடாகும்போது இந்த இழப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். வீட்டு ஒயரிங்குக்கு வரும் ஒயரை வாங்கிப் போடாதீர்கள். அதன் மேலுறை என்ஜின் சூட்டுக்கும் ஆயிலுக்கும் செய்ததல்ல. ஆட்டோ ஒயர் என்று கேட்டு வாங்கி, நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்புப் பூச்சிட்ட அலுமினியம். விலை குறைவு, தடை அதிகம், மடித்த இடத்தில் ஒடியும்.

இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் இடம் ஹெட்லைட். பழைய பாதையில் கரன்ட் பேட்டரியிலிருந்து கட்-அவுட், லைட் சுவிட்ச், ஹை-லோ மாற்றும் காலடி டிப்பர் என்று டேஷ்போர்டு வரை போய்த் திரும்புகிறது. ஐந்தாறு மீட்டர் பழைய ஒயர், பத்துக்கு மேல் ஜாயின்ட். பேட்டரியில் 13.5 இருக்கும்போது பல்பில் 12.2 கிடைப்பது சாதாரணம். பத்து சதவீதம்தானே என்று நினைக்கலாம். ஃபிலமென்ட் பல்பின் வெளிச்சம் வோல்ட்டின் 3.4-ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. பத்து சதவீத வோல்ட் போனால் முப்பது சதவீத வெளிச்சம் போகும். 100 வாட் பல்பு வாங்கினால் கரன்ட் கூடி இழப்பும் கூடும், டிப்பர் கருகும். வழி ரிலேதான்: சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்.

மெயின் 30 ஆம்பியர் பியூஸிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் முன்பக்கம் வரும். லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒன்று. ரிலேயின் கால்களில் எண் இருக்கும்; இரண்டின் 30-ஆம் காலிலும் அந்த ஒயர். டிப்பரிலிருந்து வரும் பழைய நீலம்-சிவப்பு லோ ரிலேயின் 86-க்கு, நீலம்-வெள்ளை ஹை ரிலேயின் 86-க்கு. 85 இரண்டும் எர்த். 87-லிருந்து ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக 10 ஆம்பியர் பியூஸ், 1.5 ஒயர். ஆக நான்கு பியூஸ். ஒன்று போனால் ஒரு பக்கம்தான் இருளும். ஹைவேயில் லாரிகளுக்கு நடுவே இரண்டும் ஒரே நேரத்தில் அணைவது என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பல்பு எர்த்தும் 1.5 கறுப்பு ஒயரில் முன் எர்த் போல்ட்டுக்கு. இப்போது டிப்பர் தூக்குவது ரிலே காயிலின் 0.15 ஆம்பியரை மட்டும்.

ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் இருக்கும் 87ஏ காலைத் தொடாதீர்கள். ரிலே ஓய்ந்திருக்கும்போது 30-ஓடு சேர்ந்திருப்பது அதுதான். லைட்டை அணைத்தால் எரிகிறது, போட்டால் அணைகிறது என்ற புகார் அங்கிருந்து வருவது. உள்ளே டயோடு வைத்த ரிலேயில் 86 பிளஸ், 85 மைனஸ் என்பது கட்டாயம். மாற்றிக் கொடுத்தால் டயோடு ஷார்ட் ஆகும்.

ஹார்னில் பட்டன் இருப்பது எர்த் பக்கம். இரட்டை ஹார்ன் 8-லிருந்து 10 ஆம்பியர் இழுக்கும். ஸ்டீயரிங் தண்டுக்குள் இருக்கும் மெல்லிய தொடுமுனைக்கு அது தாங்காது. ரிலேயின் 86-க்கு பியூஸ் பிளஸ், 85-ஐ பட்டனுக்குக் கொடுத்துவிட்டால் முடிந்தது. பல ராகம் பாடும் ஹார்னை மோட்டார் வாகன விதி 119 தடுக்கிறது, வாங்க வேண்டாம்.

ஃபேனுக்கு 2.5 ஒயர், 20 ஆம்பியர் பியூஸ், 40 ஆம்பியர் ரிலே. 7 ஆம்பியரில் ஓடும் ஃபேன் கிளம்பும் நொடியில் 20 வரை இழுக்கும். ரிலே இல்லாமல் இக்னிஷன் ஒயரிலேயே ஃபேனைக் கொடுத்தால் சாவியை அணைத்த பிறகும் என்ஜின் ஓரிரு நொடி ஓடும்: சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராகி காயிலுக்குக் கரன்ட் தருகிறது.

இண்டிகேட்டரில் எல்இடி போடுகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. பழைய பிளாஷர் 42 வாட் சுமையின் சூட்டில் வேலை செய்வது. எல்இடிக்கு அது மினுக்காது, எலக்ட்ரானிக் பிளாஷர் வேண்டும். மாற்றிய பிறகு இடது போட்டால் நான்கும் மினுக்கினால், டேஷ்போர்டில் இருக்கும் ஒற்றை அடையாள விளக்கைப் பாருங்கள். அது இடது, வலது இரண்டுக்கும் நடுவே கட்டியிருக்கும்; அதன் வழியாகக் கசியும் கரன்ட் எல்இடிக்குப் போதும். விளக்கின் ஒரு முனையை எர்த் செய்து, மறுமுனைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் 1என்4007 டயோடு ஒவ்வொன்று, வெள்ளிக்கோடு விளக்கைப் பார்த்திருக்க வைத்தால் தீரும்.

ஒயர் நுனியில் லக் அடிப்பது ராட்செட் கிரிம்பரால். கட்டிங் பிளேயரால் நசுக்கியது பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், கையால் பலமாக இழுத்தால் வந்துவிடும். ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். முழுக்க ஈயம் உருக்கி ஊற்றினால் அது இழைகளுக்குள் ஏறி ஒயரை விறைப்பாக்கும். விறைப்பு முடியும் இடத்தில் அதிர்ந்து அதிர்ந்து ஒடியும். சாதாரண இன்சுலேஷன் டேப் வேலூர் வெயிலில் ஒரு கோடை தாங்காது. பசை உருகி, டேப் வழுக்கி, ஒயர் வெளியே தெரியும். பசை உள்ள சுருங்கும் ஸ்லீவும் துணி டேப்பும் போடுங்கள். தகர ஓட்டை ஒவ்வொன்றிலும் ரப்பர் கிராமெட் இருக்க வேண்டும்.

இனி சோதனை. இதைத்தான் எல்லோரும் அவசரமாகக் கடக்கிறார்கள். “மீட்டர் கத்துதுண்ணே, லைன் ஓகே” என்று பஸ்ஸர் வைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. முப்பது இழையில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மிஞ்சினாலும் மீட்டர் கத்தும். சுமையோடு பார்க்க வேண்டும்.

வண்டியில் பூட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு சாமானையும் மேஜையில் வைத்து, நல்ல பேட்டரியில் பியூஸோடு ஓட்டி, ஒயரைக் கவ்வி அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டரில் கரன்ட்டைப் பார்த்து, எண்ணை டேப்பில் எழுதி அதன் ஒயரிலேயே ஒட்டிவிடுங்கள். பூட்டிய பிறகு அதே எண் வர வேண்டும். குறைந்தால் வழியில் தடை. கூடினால் மோட்டார் இறுகுகிறது அல்லது எங்கோ கசிகிறது. பழைய எண் இல்லாமல் புதிய எண்ணுக்குப் பொருளில்லை.

முதல் முறை பேட்டரி கொடுக்கும்போது, வீட்டு எலக்ட்ரீஷியன் சீரியஸ் போர்டு வைப்பதைப் போல, பேட்டரி மைனஸுக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கட்டுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் 1.75 ஆம்பியருக்கு மேல் ஓடாது, எதுவும் கருகாது. எல்லாச் சுவிட்சும் அணைந்த நிலையில் பல்பு எரியக்கூடாது. முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். பியூஸை ஒவ்வொன்றாக உருவுங்கள், அணையும் பியூஸில் பழுது இருக்கிறது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். டேஷ்போர்டு விளக்குக்கு சீரியஸ் பல்பு சற்றே சிவக்க வேண்டும். இப்படிச் சிறு சுமையுள்ள லைனில் பளீரென்று எரிந்தால் அதை நிறுத்துங்கள்; ஹெட்லைட், ஃபேன் போன்ற பெரிய சுமைக்குப் பழுது இல்லாவிட்டாலும் பளீரென்றுதான் எரியும். செல்ஃபை மட்டும் இந்த நிலையில் தொட வேண்டாம்.

சீரியஸ் பல்பை எடுத்துவிட்டு, என்ஜினை ஓட்டி, வோல்ட் இழப்பைப் பார்க்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை எரிகிற ஹெட்லைட்டின் பிளஸ் காலில். வருவது முழுப் பாதையின் இழப்பு: 0.3-க்குள் இருக்கட்டும். அடுத்து எரிகிற பல்பின் எர்த் காலுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே: 0.1-க்குள். செல்ஃப் அடிக்கும்போது என்ஜின் பிளாக்குக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.3-ஐத் தாண்டினால் பட்டையைக் கழற்றிச் சுரண்டுங்கள். எண் அதிகமாக வந்த பாதையில் பாதித் தூரம், கால்வாசித் தூரம் என்று முனையை நகர்த்தினால் குற்றவாளி ஜாயின்ட் தானாக மாட்டும். ஒன்று கவனம்: கரன்ட் அளந்த பிறகு மீட்டர் ஒயரை 10 ஆம்பியர் துளையிலிருந்து எடுக்காமல் பேட்டரியில் வைத்தால் நேர் ஷார்ட்.

பிறகு இரவில் எல்லாவற்றையும் போட்டு, ஐடிலில் பத்து நிமிடம் நிறுத்தி, பேட்டரி முனையில் 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா பாருங்கள். பத்து நிமிடத்தில் ரிலே சாக்கெட், பியூஸ் முனை, லக் ஒவ்வொன்றையும் விரலால் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் அந்த லக் திரும்ப அடிக்கப்பட வேண்டும். ஒயர்க் கட்டை ஆட்டி ஆட்டிப் பாருங்கள். தண்ணீர்க் குழாயை கிரில் மேல் பிடியுங்கள்.

சாலைச் சோதனைக்கு ஏலகிரி நல்ல இடம். வேலூரிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர்; பெரும்பகுதி ஹைவே, கடைசியில் மலையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏசியோடு போகும்போது ஃபேன் நிற்காமல் சுற்றும், பானெட்டுக்குள் காற்றோட்டம் குறையும், ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்க வேண்டியிருக்கும், பாடி முறுகும். லூஸாக இருக்கும் எதுவும் உச்சிக்குப் போவதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். மேலே போனதும் பானெட்டைத் திறந்து அதே லக்குகளைத் தொட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்து கடைசியாக ஒன்று. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி மைனஸைக் கழற்றி நடுவே மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்தால் ஸ்டீரியோ நினைவுக்கும் கடிகாரத்துக்கும் சேர்த்து 50-ஐத் தாண்டக் கூடாது. 50 என்றாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி 19 நாளில் பாதியாகும். மாதம் ஒருமுறை எடுக்கும் வண்டிக்கு அதுவே அதிகம், பேட்டரி முனையில் கட்-ஆஃப் சுவிட்ச் வையுங்கள். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே, எந்தப் பியூஸ், எத்தனை ஆம்பியர் என்று எழுதிய தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொரு அளவிலும் இரண்டு பியூஸ், ஒரு ரிலே, அந்த 21 வாட் சீரியஸ் பல்பு ஆகியவற்றோடு டேஷ்போர்டு அறையில் வைத்துவிடுங்கள்.